ஒழித்தவரும் ஒழிந்தவரும்: உத்தரமேரூர் வாரிய விதியில் ஒரு வாக்கியம்

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் கூறும், குடத்தில் இட்ட ஓலையை எடுத்து ஆளைத் தேரும் குடவோலை முறையைப் பற்றி இங்கே மீண்டும் விளக்கத் தேவையில்லை. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டு (பொ.ஆ. 919), 14ஆம் ஆட்சியாண்டு (921) ஆகிய இரண்டு வியவஸ்தைகளும் (ஏற்பாடுகளும்) பலமுறை பேசப்பட்டவை. வாரியத்துக்கு, அதாவது சபையின் செயற்குழுவுக்கு, ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுதியவர்கள் பலர். வந்த ஆளைப் போக்குவதைப் பற்றி நின்று யோசித்தவர்கள் குறைவு. 921ஆம் ஆண்டு ஆவணத்தில் அதற்கென ஒரு சிறு விதி உண்டு. வாரியத்தில் நிற்பவரிடம் அபராதம் கண்டபோது அவனை ஒழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விதியையும் இதை அடுத்த வாக்கியத்தையும் கல்வெட்டறிஞர் வெங்கையா படித்த முறையோடு எனக்குள்ள உடன்பாடின்மையே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் பின்னணி. சபையாரின் நடத்தை, நடுநிலை குறித்த கவலை சோழர் காலத்தில் திடீரென்று முளைத்ததல்ல. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில் மாறஞ்சடையன் காலக் கல்வெட்டு சபை உறுப்பினருக்குத் தகுதி வகுப்பதோடு நில்லாமல், எதை முன்வைத்தாலும் மறுத்துக்கொண்டே இருப்பவருக்கும் அவருக்குத் துணைநிற்பவருக்கும் 5 காசு தண்டம் விதிக்கிறது. இதைப் பொதுவாக பொ.ஆ. 800ஐ ஒட்டி வைப்பது வழக்கம். ஆனால் மாறஞ்சடையன் என்ற பெயரைத் தாங்கிய பாண்டியர் ஒருவருக்கு மேற்பட்டோர் என்பதால் அந்த ஆண்டை நான் ஆணியடித்துச் சொல்லமாட்டேன். உத்தரமேரூருக்கு முந்தியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நமக்கு வேண்டியது அங்கே தண்டனை காசாக இருந்தது என்பது. குற்றம் செய்தவன் காசு கட்டுவான், சபையில் தொடர்ந்து உட்காருவான் என்று கொள்ளலாம்.

919இல் வழி வேறு. கடந்த மூன்றாண்டில் வாரியம் செய்யாதவராகவும், வாரியம் செய்து அப்போதுதான் ஒழிந்த பெருமக்களுக்கு நெருங்கிய உறவினர் அல்லாதவராகவும் இருப்பவரின் பெயரே குடத்தில் விழ வேண்டும். இங்கே யாரும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை, உறவே தடை. 921 இதை மாற்றுகிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்படுகிறார். அவரோடு சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு விலக்கப்படுகின்றன. (இக்காலத்தில் இந்தக் கணக்குக் காட்டுதலைச் சொத்துக் கணக்கு என்று மேடைகளில் சொல்கிறார்கள். கல்வெட்டு கேட்பது வாரியத்தின் வரவுசெலவை. ஆளின் சொத்தை அல்ல.) இரண்டே ஆண்டில் தடையின் அடிப்படை உறவிலிருந்து குற்றத்துக்கு நகர்ந்துவிட்டது. பதவியில் இருக்கும்போதே ஆளை ஒழிக்கும் விதி 921இல் வருவது இந்த நகர்வின் ஒரு பகுதி என்று கருதுகிறேன். 919இன் வாசகத்தில் அதற்கு இணையான வாக்கியத்தை நான் காணவில்லை.

இனி வெங்கையா. இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் அவர் இவ்வாவணங்களை வெளியிட்டார். அதன்பின் வந்த எல்லோரும், நான் உட்பட, அவர் தோளில் நிற்பவர்களே. 'அபராதம் கண்டபோது' என்பதற்குக் குற்றவாளி என்று முடிவான நிலையில் என்ற பொருளை அவர் எடுத்தார். மூலத்தில் தீர்ப்பு இல்லை, காணுதல்தான் இருக்கிறது. யார் காண்பது, யார் ஒழிப்பது என்று ஆவணம் பேசவில்லை. அந்த இடத்தில் சபையை வைப்பது நம் ஊகம். ஊரார் திரும்ப அழைக்கும் உரிமை என்று இதைப் பின்னாளில் கொண்டாடியவர்கள் அந்த ஊகத்தின் மேல் இன்னொரு மாடி கட்டினார்கள். பிரமதேயத்தின் (பிராமணருக்குக் கொடையாக விடப்பட்ட ஊரின்) சபையில், கால்வேலிக்கு மேல் இறைநிலமும் வேதப் பயிற்சியும் கேட்கும் வாரியத்தில், ஊரார் என்று யாரைச் சொல்வது என்பது தனிக் கேள்வி.

என் முதன்மையான மறுப்பு அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. மூன்று விதிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகிய மூன்றின் பெருமக்களும் 360 நாள் நிரம்ப நின்று ஒழிய வேண்டும். இரண்டு, ஒருவனிடம் அபராதம் கண்டபோது அவனை ஒழிக்க வேண்டும். மூன்று, 'இவர்கள் ஒழிந்த அனந்தரம்' (பின்) இடும் 'வாரியங்களும்' அமைய, பன்னிரண்டு சேரியிலும் தன்மகிருத்யம் கடைகாணும் (அறக்காரியங்களை மேற்பார்க்கும்) வாரியர் மத்யஸ்தரை (நடுவரை) கொண்டு குறிகூட்ட (சபை கூட்ட) வேண்டும். குடவோலை வழியே ஆளிட வேண்டும். வெங்கையா மூன்றாவதில் உள்ள 'இவர்கள்' என்பதை முதல் விதியோடு சேர்த்து, பதவிக்காலம் முடிந்து விலகியவர்கள் என்று படித்தார். இடையில் நிற்கும் ஒழிப்பு விதி இதனால் தனித்தீவாகிறது.

இலக்கணம் அவர் பக்கம் இருப்பதை மறைக்க முடியாது. இரண்டாவது விதியின் 'ஒழித்துவது' பிறவினை, மூன்றாவதன் 'ஒழிந்த' தன்வினை. அங்கே 'அவனை' ஒருமை, இங்கே 'இவர்கள்' பன்மை. ஆனாலும் தானாக ஒழிந்தவனும் பிறரால் ஒழிக்கப்பட்டவனும் இடம் காலியான பிறகு ஒழிந்தவர்களே. இருவரையும் சேர்த்துச் சொல்லத் தன்வினைப் பன்மையைவிடப் பொருத்தமான வடிவம் தமிழில் எது? அருகில் நிற்கும் விதியைத் தாண்டி அதற்கு முந்தையதைச் சுட்டுவதாக 'இவர்கள்' என்பதைக் கொள்வதற்கு வலுவான காரணம் வேண்டும். வெங்கையா அதைத் தரவில்லை. 'வாரியங்களும்' என்பதன் உம்மை என் பக்கம் பேசுகிறது என்று சொல்ல ஆசைதான். விதிகளைக் கோக்கும் வெற்று உம்மையாகவும் அது இருக்கலாம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

என் வாசிப்பு சரியானால் விளைவு சிறியதல்ல. ஒழிக்கப்பட்டவனின் இடத்தையும் குடமே நிரப்புகிறது. குற்றம் சாட்டியவர் தம் ஆளை அந்த இடத்தில் உட்கார்த்த வழியில்லை. ஓலையை எடுப்பது உருவறியாத பாலன். அதை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்குவது மத்யஸ்தன். ஒழிப்பவர் யார் என்று சொல்லாத ஆவணம், நிரப்புபவர் யார் என்பதைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. நடுநிலைக்கான காவலை அது நீக்கும் இடத்தில் வைக்காமல், நிரப்பும் இடத்தில் வைத்தது.

ஒரு முடிச்சு அவிழவில்லை. ஒழிக்கப்பட்டவனின் இடம் உடனே நிரப்பப்பட்டதா, 360 நாள் முடியும்வரை காலியாகக் கிடந்ததா? 'அனந்தரம்' என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. மற்ற வாரியங்களான பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் ஒழிப்பு விதி பொருந்துமா என்பதும் இந்த வாக்கியத்திலிருந்து தெளியவில்லை. அவை அதற்குப் பின்னரே பேசப்படுகின்றன. வாரியத்தார் ஒருவர் இவ்விதிப்படி உண்மையில் ஒழிக்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டு கிடைக்கும்வரை, நம் கையில் இருப்பது விதி மட்டுமே, வழக்கு அல்ல.