பழவேற்காட்டுக் கடற்கரையில் பஞ்சமும் அடிமை வணிகமும்: காலநிலை நீதிக்கான ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

காலநிலை நீதி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் தொழிற்புரட்சியிலிருந்தே தொடங்குகின்றன. திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையின் வரலாறு அதற்கும் முற்பட்ட ஒரு தொடக்கத்தைக் காட்டுகிறது. மழை பொய்த்தபோது விற்கப்பட்டவர் யார், வாங்கியவர் யார் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாதிக்காயும் ஆள்தேவையும்

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. 1613இல் அங்குக் கெல்டிரியா கோட்டை எழுந்தது. இக்கரையின் துணிகள் தென்கிழக்காசியத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றுப் பண்டமாயின. 1621இல் கம்பெனி பண்டா தீவுகளைக் கைப்பற்றியபோது, அம்மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர், அல்லது நாடுகடத்தப்பட்டனர். ஆளற்ற சாதிக்காய்த் தோட்டங்களை நடத்த அடிமைகள் தேவைப்பட்டனர். பத்தாவியா நகருக்கும் அடிமை உழைப்பு வேண்டியிருந்தது.

வறட்சியும் விலையும்

அதே காலத்தில் சோழமண்டலக் கரையை நெடிய வறட்சி வாட்டியது. 1622–1623இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என வரலாற்றாய்வாளர் மார்க்குஸ் விங்க் காட்டுகிறார். பணம் இருந்திருப்பின் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அலுவலர்கள் தெரிவித்ததையும் அவர் பதிவுசெய்கிறார். இக்குறிப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. விற்கப்பட்டோரின் எண்ணிக்கையை வரையறுத்தது மழையின் அளவன்று, வாங்குவோரின் கையிருப்பே. 1640களில் போர்ச் சூழலிலும் அடிமை ஏற்றுமதி பெருகியது. எனவே வறட்சி மக்களைப் பசிக்குத் தள்ளியது எனலாம். பசித்தவரைப் பண்டமாக்கியவை முதலீடும் கப்பலும் தரகுமே ஆகும்.

இன்றைய கரை

பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில், வடசென்னை அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்துள்ளது. அதன் இழப்பு மீனவர் மீதும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மீதும் விழுகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் எஃகு ஆலைகளில் உலை வெப்பத்தின் முன் நிற்போருள் வடமாநிலத் தொழிலாளர் பலர். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுள்ளன. அவர்களைப் பிணைத்தது முன்பணக் கடன்.

முடிவுரை

இவற்றை 17ஆம் நூற்றாண்டு அடிமை வணிகத்தோடு சமன்படுத்துதல் பொருந்தாது. இன்று சட்டத்தின் காப்பு உண்டு. ஆயினும் இயற்கையின் இடர், இனத்தாலும் சாதியாலும் கடனாலும் முன்னரே தாழ்த்தப்பட்டோர் மீதே பெரிதும் இறங்குகிறது என்பதை இரு காலங்களும் காட்டுகின்றன. ஆகவே கரிம உமிழ்வைக் கணக்கிடுவதோடு காலநிலை நீதி நிறைவுறாது. உழைப்பின் கடன் கணக்கையும் அது திறந்து பார்க்க வேண்டும்.