அடைத்துக்கொண்ட பெயிண்ட் டப்பாவும் அதன் பழைய கதையும்



போன வாரம் என் பேரன் சைக்கிளுக்கு அடிக்கப் பரணில் கிடந்த பழைய ஸ்பிரே பெயிண்ட் டப்பாவை எடுத்தான். அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நல்லவேளை, நான் பார்த்துவிட்டேன். "ஏன் தாத்தா இப்படிப் பதறுறீங்க?" என்றான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த டப்பாவின் முன்னோடியை 1920-களில் நார்வே நாட்டுப் பொறியாளர் எரிக் ரோத்தெய்ம் உருவாக்கினார். ஆனால் அது பெரிய அளவில் பயன்பட்டது இரண்டாம் உலகப் போரில்தான். பசிபிக் போர்முனையில் அமெரிக்க வீரர்களைக் கொசுக்களும் மலேரியாவும் வாட்டின. அமெரிக்க வேளாண்மைத் துறையின் லைல் குட்ஹ்யூ, வில்லியம் சல்லிவன் இருவரும் பூச்சிமருந்தை வாயுவோடு சேர்த்து எஃகுக் கலத்தில் அடைத்தார்கள். அந்த மருந்தில் நல்லெண்ணெயும் ஒரு சேர்மானம்!

அந்தக் கலம் கனமானது, விலையும் அதிகம். 1949-இல் ராபர்ட் ஆப்லனால்ப் மலிவான வால்வு ஒன்றைக் கண்டுபிடித்தார். லேசான தகர டப்பா சாத்தியமாயிற்று. அதே ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர், தாம் தயாரித்த அலுமினியப் பெயிண்டை அப்படி ஒரு டப்பாவில் அடைத்தார். யோசனை சொன்னவர் அவர் மனைவி போனி.

அந்தக் காலத்தில் உள்ளே இருந்த சி.எஃப்.சி. வாயு தீப்பற்றாது. ஆனால் அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். 1978-இல் அமெரிக்கா பெரும்பாலான ஸ்பிரே டப்பாக்களில் அதைத் தடை செய்தது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. சி.எஃப்.சி. போன இடத்தில் பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் வந்தன. நம் அடுப்பு சிலிண்டரில் இருப்பதும் இவைதான். வானத்துக்கு நல்லது, ஆனால் ஆணி அடிப்பவன் கைக்கு ஆபத்து. ஓட்டை போட்டால் பெயிண்டும் வாயுவும் பீய்ச்சி அடிக்கும். பக்கத்தில் ஒரு தீப்பொறி இருந்தால் போதும். வெயிலிலோ அடுப்பருகிலோ சூடேறினால் டப்பாவே வெடிக்கும்.

அடைப்பு பெரும்பாலும் டப்பாவுக்குள் இருப்பதில்லை. மேலே அழுத்தும் பொத்தானின் சிறு துளையில் பெயிண்ட் காய்ந்திருக்கும். முகத்துக்கு நேராக வைக்காமல் பொத்தானை மட்டும் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் தின்னரில் ஊறவையுங்கள். ஊசியால் குத்துவதானால் கழற்றிய பொத்தானில் மட்டும். துடைத்துத் திரும்ப மாட்டி, உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கும்படி நன்றாகக் குலுக்குங்கள். வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை அழுத்தினால் அடுத்த முறை அடைக்காது. துருப்பிடித்த டப்பாவோடு மட்டும் போராட வேண்டாம். அதைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தவும் வேண்டாம்.

பேரன் பொத்தானை ஊறவைத்தான். அரை மணி நேரத்தில் பெயிண்ட் வந்தது. சைக்கிள் இப்போது பளபளக்கிறது. அதைவிட, அவன் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்