ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் வழிகாட்டிகள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி ஆறு, குன்சும் கணவாயை ஒட்டிய பனிமலைகளில் தோன்றித் தென்கிழக்காக ஓடி, கின்னௌர் மாவட்டத்தில் காப் என்ற இடத்தில் சட்லெஜுடன் கலக்கிறது. பருவமழையைப் பெரிய மலைத்தொடர்கள் மறித்துவிடுவதால் இந்தப் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி. மரங்கள் அரிது. பனி உருகும் நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பார்லியும் பட்டாணியும் பயிரிடுகிறார்கள். இந்த ஆற்றங்கரையிலும் அதற்கு மேலுள்ள மேடுகளிலும் தாபோ, தங்கர், கீ, லாலுங், கோமிக் என்று பௌத்த விகாரைகள் வரிசையாக அமைந்துள்ளன. கோம்பா என்பது அவற்றின் உள்ளூர்ப் பெயர்.

உலகத்தை விட்டு ஒதுங்கிய துறவிகள் தேடிப் பிடித்த மறைவிடங்கள் என்று இந்தக் கோம்பாக்களைச் சுற்றுலா ஏடுகள் வருணிக்கின்றன. வரலாறு அதற்கு நேர்மாறானது. அவற்றுள் பழமையானவை ஆள் நடமாட்டம் மிகுந்த வழிகளில், அந்த வழிகளை நம்பியே எழுந்தவை. உப்பும் கம்பளியும் ஏற்றிய ஆட்டு மந்தைகளும் நூல்களைச் சுமந்த பிக்குகளும் சென்ற பாதை ஒன்றுதான். வருகிறவரை அழைத்துச் சென்று இடம் காட்டி விளக்கும் வழக்கமும் இங்கே மிகப் பழையது.

திபெத்தின் பேரரசர் லாங்தர்மா 842இல் கொல்லப்பட்டபின் பேரரசு சிதறியது. அரச குலத்தின் ஒரு கிளை மேற்கே நகர்ந்து, சட்லெஜின் மேல்கரையில் குகே என்ற அரசை நிறுவியது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த மரபில் வந்த யேஷே ஓ, அரசராக இருந்தே துறவு பூண்டவர். தம் நாட்டில் பௌத்தம் சடங்குகளின் குழப்பமாகச் சீரழிந்திருப்பதாகக் கருதிய அவர், மூல நூல்களைக் கற்றுவர 21 இளைஞர்களைக் காஷ்மீருக்கு அனுப்பினார். வெப்பத்திலும் நோயிலும் 19 பேர் மாண்டனர் என்றும் இருவரே உயிரோடு திரும்பினர் என்றும் திபெத்திய வரலாறுகள் கூறுகின்றன. அந்த இருவரில் ஒருவரே ரின்சென் ஸாங்போ (958–1055). வடமொழி நூல்களைத் திபெத்திய மொழிக்குப் பெயர்த்ததால் ‘மாபெரும் மொழிபெயர்ப்பாளர்’ என்ற சிறப்புப் பெற்றவர். காஷ்மீரிலிருந்து அவர் கலைஞர்களையும் அழைத்து வந்தார். 108 கோயில்களை அவர் கட்டியதாகச் சொல்வது மரபு. அந்த எண் புனிதமான எண்ணாகையால் அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் லடாக்கிலிருந்து கின்னௌர் வரை ஊருக்கு ஊர் மக்கள் தங்கள் கோயிலை அவர் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

தாபோ விகாரை 996இல் யேஷே ஓவின் ஆதரவில் நிறுவப்பட்டது. 46 ஆண்டுகள் கழித்து அவருடைய உறவுமுறைப் பேரரான ஜங்சுப் ஓ அதைப் புதுப்பித்தார். இந்தச் செய்தியைத் தருவது கோயிலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் சாசனம். 1042 என்ற அந்த ஆண்டிலேயே, விக்கிரமசீலத்தின் பேராசிரியர் அதீசர், ஜங்சுப் ஓவின் அழைப்பை ஏற்று குகே நாட்டுக்கு வந்தார். திபெத்திய பௌத்தத்தின் இரண்டாம் பரவல் வேர்பிடித்த காலம் அது. அந்தக் காலத்துச் சிற்பமும் ஓவியமும் எழுத்தும் அழியாமல் ஒரே கூரையின்கீழ் இருப்பதுதான் தாபோவின் தனிச்சிறப்பு. இதற்கு இணையான பழங்கோயில்கள் திபெத்தில் பல இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் அழிக்கப்பட்டுவிட்டன.

வெளியிலிருந்து பார்க்கத் தாபோவில் ஒன்றுமில்லை என்றே தோன்றும். மண் மதிலுக்குள் ஒன்பது கோயில்களும் சில ஸ்தூபிகளும். எல்லாம் சுடாத பச்சைச் செங்கல்லும் மண்ணும். சன்னலில்லாத சுவர்கள், தட்டையான கூரை. முதன்மைக் கோயிலின் கூட்ட மண்டபத்துக்குள் நுழைந்ததும் காட்சி மாறிவிடுகிறது. சுவர்களிலிருந்து முன்னே நீண்டபடி, ஆள் உயரத்துக்கு மேலே, ஏறக்குறைய மனித அளவில் 32 சுதைச் சிற்பங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் நடுநாயகமாக, நான்கு திசையும் பார்க்கும் நான்கு திருமேனிகளோடு வைரோசன புத்தர். வஜ்ரதாது மண்டலம் என்ற சக்கரத்தைத் துணியிலோ சுவரிலோ வரையாமல், மண்டபத்தையே அந்தச் சக்கரமாக அமைத்திருக்கிறார்கள். உள்ளே நிற்பவர் மண்டலத்துக்குள்ளேயே நிற்கிறார். பின்னால் கருவறையும் அதைச் சுற்றி வலம்வரும் பாதையும் உள்ளன.

சிற்பங்களுக்குக் கீழே மண்டபத்தைச் சுற்றி ஓடுகிற சுவரோவியப் பட்டை இன்னும் அரியது. வாயிலிலிருந்து வலமாக நடப்பவருக்கு முதலில் வருவது சுதனனின் பயணம். அதை முடித்தபின் வருவது புத்தரின் வாழ்க்கை. சுதனன் கதை கண்டவியூகம் என்ற மகாயான நூலில் உள்ளது. வணிகர் குடும்பத்து இளைஞன் ஒருவன் போதிசத்துவர் மஞ்சுஸ்ரீயின் சொற்படி ஞானம் தேடித் தெற்கு நோக்கிப் புறப்படுகிறான். அவன் சந்திக்கும் ஒவ்வொரு ஆசானும் தமக்குத் தெரிந்ததைக் கற்பித்துவிட்டு, தெரியாததற்கு அடுத்தவரின் ஊரையும் பெயரையும் சொல்லி வழியனுப்புகிறார். பிக்கு, வணிகர், அரசர், மாலுமி, கணிகை, சிறுவர் என ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசான்கள். காட்சிகளுக்கிடையே கதையின் சுருக்கம் திபெத்திய எழுத்தில் கட்டங்களாக எழுதப்பட்டிருக்கிறது. வலம் வரும் அடியாரை ஆசானுக்கு ஆசானாக அழைத்துப்போகும் இந்தச் சுவரை, இமயத்தின் பழைய வழிகாட்டிகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்தக் கதைக்கும் தமிழகத்துக்கும் உண்மையான தொடர்பு உண்டு. சுதனன் சந்திக்கும் ஆசான்களில் மேகன் என்பவர் திராவிட நாட்டு வஜ்ரபுரத்தைச் சேர்ந்தவர். பின்னர் அவன் போதிசத்துவர் அவலோகிதேசுவரரைக் காண்பது தென்திசையில் உள்ள போதலகம் என்னும் மலையில். அது பொதிகை மலையே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று பதினோராம் நூற்றாண்டு இலக்கணமான வீரசோழியம் கூறுவதும் இதனோடு ஒத்துப்போகிறது. லாசாவில் தலாய் லாமாக்களின் மாளிகைக்குப் போதலா என்று பெயர் வந்ததும் அந்த மலையாலேயே.

தாபோவுக்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்குகளைக் கடந்தவர்களில் திபெத்திய யாத்திரிகர்கள் முக்கியமானவர்கள். பௌத்த ஆசான் பத்மசம்பவர் பிறந்த உத்தியான நாட்டைத் தரிசிக்க, பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓர்க்யன்பாவும் பதினேழாம் நூற்றாண்டில் தக்சாங் ரேபாவும் லாஹுல் வழியாக இன்றைய பாகிஸ்தானின் சுவாத் வரை நடந்தனர். எந்த ஊருக்கு எத்தனை நாள், எங்கே எந்தத் தெய்வம், எங்கே கொள்ளையர் பயம் என்று அவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் அடுத்தவருக்கு உதவின. லாஹுலின் திரிலோகநாதர் கோயில் அத்தகைய யாத்திரைத் தலங்களில் ஒன்று. அங்குள்ள சலவைக்கல் திருமேனியை பௌத்தர்கள் அவலோகிதேசுவரராகவும் இந்துக்கள் சிவனாகவும் இன்றும் வழிபடுகிறார்கள். பூசை ஒரே கருவறையில் நடக்கிறது.

கோம்பாக்களைத் தாங்கியது உள்ளூர்க் குடும்ப அமைப்பு. ஸ்பிதியில் நிலமும் வீடும் மூத்த மகனுக்கே. இளையவர்கள் சிறுவயதில் கோம்பாவில் சேர்ந்தனர். விளைநிலம் குறைவான நாட்டில் நிலம் துண்டாகாமல் காத்தது இந்த ஏற்பாடு. துறவிகளுக்கு வேண்டிய தானியம் ஊரிலிருந்து வந்தது. இதன் சுமை இளையவர்கள்மீதே விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கல்வியும் மருத்துவமும் ஓவியமும் அவர்கள் வழியாகவே வளர்ந்தன. ‘பின்’ என்ற பள்ளத்தாக்கின் பூச்சென் எனப்படும் கலைஞர்கள் இதில் மாறுபட்டவர்கள். மணம் செய்துகொண்டு குடும்பத்தோடு வாழும் இவர்கள் ஊர் ஊராகச் சென்று சமயக் கதைகளை நடித்துக் காட்டினர். படுத்திருப்பவரின் வயிற்றின்மேல் பெரிய கல்லை வைத்து மற்றொரு கல்லால் உடைக்கும் சடங்கு அவர்களுடையது. நோயும் கேடும் நீங்க அதைச் செய்வார்கள்.

செழிப்புக்கு மற்றொரு ஊற்று வணிகம். கோடையில் சாங்தாங் மேட்டுநிலத்து மேய்ப்பர்கள் உப்பும் கம்பளியும் கொண்டுவர, ஸ்பிதியினர் பார்லி கொடுத்து மாற்றிக்கொண்டனர். சட்லெஜ் கரையில் ராம்பூரில் நவம்பரில் கூடும் லவி சந்தை இந்த வணிகத்தின் கீழ்முனை. வணிகம் இருந்த இடத்தில் படைகளும் வந்தன. லடாக், குகே, மங்கோலியர், டோக்ரா என்று பலரும் இந்தப் பள்ளத்தாக்கை மிதித்தனர். 4,166 மீட்டர் உயரக் குன்றில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் கீ கோம்பா பலமுறை சூறையாடப்பட்டு, ஒவ்வொரு முறையும் மீண்டும் கட்டப்பட்டது. அதன் கோட்டை போன்ற தோற்றம் அந்த அனுபவத்தில் விளைந்தது. ஸ்பிதியின் பழைய தலைநகரான தங்கரும் அப்படியே. ஆட்சி செய்த நோனோக்களின் கோட்டையும் கோம்பாவும் அங்கே, அரிக்கப்பட்ட பாறை முனைகளின்மேல் ஒட்டியபடி நிற்கின்றன.

1846இல் ஸ்பிதி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1850இல் தொடங்கிய இந்துஸ்தான்–திபெத் சாலை சிம்லாவிலிருந்து சட்லெஜ் பள்ளத்தாக்கு வழியே மேலேறியது. அதற்கு முன்பே ஓர் ஐரோப்பியர் இங்கு வந்து படித்துக்கொண்டிருந்தார். ஹங்கேரியரான சோமா டி கோரோஸ், தம் இனத்தின் தோற்றத்தைத் தேடி ஆசியாவுக்கு வந்தவர். ஸான்ஸ்காரின் ஸாங்லாவிலும் புக்தாலிலும் கடுங்குளிரில் லாமாவோடு அமர்ந்து படித்தார். பின்னர் 1827 முதல் 1830 வரை கின்னௌரின் கானம் ஊரில் தங்கினார். அவருடைய திபெத்திய அகராதியும் இலக்கணமும் 1834இல் கல்கத்தாவில் வெளியாயின. தேடிவந்த இனத்தின் வேர் கிடைக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பால் திபெத்திய இயல் என்ற துறை ஐரோப்பாவில் பிறந்தது. அவருக்குப் பாடம் சொன்ன லாமா ஸங்யே புன்ட்ஸோக்கின் பெயரும் அதே மதிப்போடு நினைக்கப்பட வேண்டும்.

யாத்திரிகர் வேடத்தை ஆங்கிலேய அரசும் பயன்படுத்திக்கொண்டது. குமாவுனைச் சேர்ந்த நயின் சிங் 1865இல் புறப்பட்டு லாசா வரை அடி எண்ணி நடந்து நிலம் அளந்தார். அவர் கையிலிருந்த ஜெபமாலையில் மணிகள் 108 இல்லை, 100. நூறு அடிக்கு ஒரு மணி. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் அளவைக் குறிப்புகள்.

தாபோவை வெளியுலக அறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஆ. ஹ. பிராங்கே. மொராவியச் சபையின் போதகரான அவர் 1909இல் இந்தியத் தொல்லியல் துறைக்காக சிம்லாவிலிருந்து லே வரை பயணம் செய்தார். உடன் சென்ற பிண்டி லால் எடுத்த புகைப்படங்கள் இன்று விலைமதிப்பற்ற சான்றுகள். 1933இல் இத்தாலிய அறிஞர் ஜுசெப்பே தூச்சி வந்து சிற்பங்களின் அமைப்பை நூல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். இந்தியர்களில் ராகுல சாங்கிருத்யாயன் இந்த மலைவழிகளில் அலைந்து, திபெத்திய மடங்களில் தேங்கிக் கிடந்த வடமொழிச் சுவடிகளைத் தேடிக் கண்டவர்.

1962ஆம் ஆண்டு இந்திய–சீனப் போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. திபெத்துக்கான கணவாய்கள் மூடப்பட்டன. உப்பும் கம்பளியும் வருவது நின்றது. நடுவழியாக இருந்த ஸ்பிதி நாட்டின் கடைக்கோடி ஆயிற்று. இன்று பார்ப்பவருக்குத் தெரியும் தனிமை பெரும்பாலும் அந்தப் போருக்குப் பின் வந்தது. எல்லைக்காகப் போடப்பட்ட ராணுவச் சாலைகளே பிற்காலத்தில் சுற்றுலாச் சாலைகளாகவும் ஆயின. 1975 ஜனவரியில் கின்னௌரை மையமாகக் கொண்ட நிலநடுக்கம் தாபோவையும் கீயையும் நாகோவையும் உலுக்கியது. தாபோவில் பழைய மதிலுக்கு வெளியே புதிய வழிபாட்டு மண்டபம் எழுந்தது. 1983இலும், ஆயிரமாவது ஆண்டான 1996இலும் தலாய் லாமா அங்கே காலசக்கர தீட்சை அளித்தார்.

லடாக் 1974இல் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டது. வெளிநாட்டவர் ஸ்பிதிக்கு வர 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பின் சிம்லாவிலிருந்து சட்லெஜ் வழியே ஏறி, நாகோ, தாபோ, தங்கர், கீ பார்த்து, குன்சும் கணவாயைத் தாண்டி மணாலிக்கு இறங்கும் சுற்று நிலைபெற்றது. அதன் பெரும்பகுதி பழைய கம்பளி வழிதான். 2020இல் ரோதாங் மலையின் அடியில் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் மணாலிப் பக்கமிருந்து வரும் வண்டிகள் பெருகியுள்ளன. முன்பு குன்சும் உச்சியில் இறங்கி ஸ்தூபியை வலம் வந்தே பயணத்தைத் தொடர்வார்கள். ஓட்டுநர்கள் பலர் இப்போதும் வண்டியோடு ஒரு சுற்று வலம் வருகிறார்கள்.

தாபோவின் பழைய மண்டபத்தை இன்றும் பிக்கு ஒருவரே சாவி கொண்டுவந்து திறக்கிறார். உள்ளே புகைப்படம் எடுக்க அனுமதியில்லை, கைவிளக்கின் ஒளியில்தான் பார்க்க வேண்டும். ஓவியங்களுக்கு இது நன்மையே. பெரிய அச்சம் கூரையில் இருக்கிறது. மழை அரிதான நாட்டுக்கென்று கட்டிய மண் கூரை அது. நீர் இறங்கினால் சுவரில் வழிந்து, சுதனனின் பயணத்தின் மேலேயே கோடு போடும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்தக் கோயிலில் கூரைப் பராமரிப்பும் ஓவியங்களைத் துப்புரவு செய்யும் பணியும் தொடர்ந்து நடந்துவருகின்றன. தங்கரின் கோம்பா நிற்கும் பாறையோ அடியிலிருந்தே அரிக்கப்பட்டு வருகிறது. உலக நினைவுச்சின்ன நிதியம் 2006இல் அதை மிகுந்த ஆபத்தில் உள்ள 100 இடங்களில் ஒன்றாக அறிவித்தது. அதற்குக் கீழே புதிய கோம்பா கட்டப்பட்டு, வழிபாட்டில் ஒரு பகுதி அங்கே மாறியிருக்கிறது.