மண்வெட்டிப் பட்டாளம்

பாகாலா சந்திப்பில் காட்பாடி வண்டி ஏறினால் வழியில் வருகிற பெரிய ஊர் சித்தூர். அதன் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில், 1782 டிசம்பர் 7 அன்று மைசூரை ஆண்ட ஹைதர் அலி இறந்தார். மகன் திப்புவோ மலபார்ப் பக்கம் போரில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை சாவு வெளியே தெரியக் கூடாதென்று, கஜானாப் பெட்டி போகிறாற்போல உடலைக் கோலாருக்கு அனுப்பினார்கள். இறந்த சேதிக்கே அத்தனை விலை இருந்ததென்றால், உயிரோடு இருந்தபோது அவர் கிளப்பிய பீதியைக் கேட்க வேண்டாம். அந்தப் பீதியில் பிறந்ததுதான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை.

1780 ஜூலையில் ஹைதர் கணவாய் இறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் பெய்லி நடத்திய படை அழிந்தது. சில மைல் தள்ளி நின்ற கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அவமானம் ஒருபுறம் இருக்கட்டும். பீரங்கி வைத்திருந்தால் மட்டும் போதாது, அது போக வழியும் வேண்டும் என்பது கும்பினிக்கு அப்போது நன்றாகவே உறைத்திருக்கும்.

இருபதாம் நாள், செப்டம்பர் 30 அன்று, புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு கம்பெனி பயோனியர்கள் திரட்டப்பட்டார்கள். திரட்டியவர் பீரங்கிப் படை அதிகாரி ஜோசப் மூர்ஹவுஸ். காடு வெட்டுவது, ஓடைக்குக் குறுக்கே வழி போடுவது, பீரங்கி மேடைக்கு மண் அணைப்பது, கோட்டை மதிலுக்கு ஏணி சுமப்பது எல்லாம் இவர்கள் பாடு. மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்த கை இது. குண்டு மட்டும் எல்லோருக்கும் போலவே இவர்கள்மேலும் விழுந்தது.

மறு ஆண்டே பரங்கிப்பேட்டை, சோளிங்கர் என்று போர்கள். மூர்ஹவுஸ் 1791 மார்ச் 7 அன்று பெங்களூர்ப் பேட்டையின் வாசலைத் தாக்கும்போது சுடப்பட்டு இறந்தார். ராபர்ட் ஹோம் அந்தச் சாவை ஓவியமாகவே தீட்டியிருக்கிறார். தலைவர் விழுந்த அதே ஊரில்தான், அல்சூர் ஏரிக்கரையில், இன்று படையின் தலைமையிடம் இருக்கிறது.

1831-இல் இவர்கள் 'சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' ஆனார்கள். தமிழரும் தெலுங்கரும் கலந்த படை. 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்த சித்தூர்ச் சீமைக்கு அந்தக் கலப்பு ஒன்றும் புதிதல்ல. தெலுங்கரானாலும் சரி, படையில் எல்லோருக்கும் செல்லப் பெயர் 'தம்பி'.

வழி திறக்கிற வேலைக்கு 1912-இல் புதுக் கருவி ஒன்று கிடைத்தது. பெங்களூரில் இந்தப் படையோடு இருந்த கேப்டன் மெக்ளின்டாக், வெடிமருந்து திணித்த குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி முள்வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்தார். அதற்குப் பெயர் பெங்களூர் டார்பிடோ. 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரையின் முள்வேலிகளை அமெரிக்கர்கள் உடைத்ததும் அதைக் கொண்டுதான்.