பொழுதுபோக்காளர் வளர்த்த புகைப்படக்கலை: ஒரு வரலாற்று நோக்கு

புகைப்படக்கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு சாராரையே முதன்மைப்படுத்துவர். புதியன கண்டறிந்த விஞ்ஞானிகள் ஒரு சாரார். கண்காட்சிகளிற் புகழீட்டிய கலைஞர்கள் மறு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையில் நின்று, ஊதியம் கருதாது, தம்மைச் சூழ்ந்த மரத்தையும் தெருவையும் வீட்டு முற்றத்தையும் படம்பிடித்துத் தமக்குள்ளே மாற்றிக்கொண்ட பொழுதுபோக்காளரைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் எழுதப்படுவது அரிது. அவர்கள் கூடுமிடத்தில் எந்த வில்லை சிறந்தது, எந்தக் கரைசல் எத்தனை நாள் கெடாதிருக்கும் என்பன போன்ற பேச்சே மிகுந்திருக்கும். எனவே, கலையை விடுத்துக் கருவியைப் பேசுவோர் என்ற ஏளனமும் அவர்கள்மீது சுமத்தப்பட்டு வந்துள்ளது. ஆயினும் வரலாற்றை உற்றுநோக்கின், அக்கருவிப் பேச்சே இக்கலையின் நுட்பங்களைச் சிலரது தனியுடைமையாகிவிடாது காத்தது என்பது புலனாகும். அப்பகிர்வின் சிறப்பையும் அதன் எல்லைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1839 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19 ஆந் திகதி, டாகர் என்பாரின் முறையைப் பிரெஞ்சு அரசு உலகுக்குப் பொதுவாக வெளியிட்டது. அதற்கு ஈடாக டாகருக்கு அரசு உபகாரச் சம்பளம் வழங்கியது. ஆனால் இங்கிலாந்தில் நிலைமை வேறாயிருந்தது. ஆங்கு டாகரின் முறை காப்புரிமை பெற்றிருந்தது. வில்லியம் ஹென்றி பொக்ஸ் டால்பொட்டும் தாம் கண்ட கலோடைப் என்னும் காகித எதிர்ப்பட முறைக்கு 1841 இற் காப்புரிமை பெற்றார். ஓர் எதிர்ப்படத்திலிருந்து பல பிரதிகளை எடுக்கக்கூடியதாயிருந்தமையால், படங்களைப் பிறருடன் பகிர்ந்துகொள்ள ஏற்ற முறை இதுவேயாகும். அம்முறையே பூட்டிவைக்கப்பட்டது ஒரு முரண்பாடாகும்.

இக்காப்புரிமை ஸ்கொத்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. இதன் விளைவு கவனித்தற்குரியது. 1840 களின் தொடக்கத்தில் எடின்பரோ நகரில் வழக்கறிஞர் சிலரும் அவர்தம் நண்பர்களும் ஒன்றுகூடிக் கலோடைப் கழகம் ஒன்றை அமைத்தனர். உலகின் முதற் புகைப்படக் கழகங்களுள் இது ஒன்றாகக் கருதப்படுகின்றது. உறுப்பினர் தாம் எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினர்; செய்முறைகளை ஒப்பிட்டனர்; பிரதிகளை மாற்றிக்கொண்டனர். அவ்வாறு தொகுக்கப்பட்ட படத்தொகுதிகள் இன்றும் எடின்பரோவிற் பேணப்படுகின்றன. சட்டத்தின் பூட்டு எட்டாத இடத்திற் பொழுதுபோக்காளர் கழகம் முளைத்தமை தற்செயலானதன்று.

அடுத்த மாற்றம் 1851 இல் நிகழ்ந்தது. பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற சிற்பி, கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. செய்முறையை ஒரு சஞ்சிகையில் வெளியிட்டு யாவர்க்கும் உரியதாக்கினார். அடுத்த முப்பதாண்டு காலம் உலகெங்கும் எடுக்கப்பட்ட படங்களுட் பெரும்பாலானவை அம்முறையிலேயே எடுக்கப்பட்டன. அதனாற் பலர் செல்வரானபோதும் ஆர்ச்சர் 1857 இல் வறியவராகவே மறைந்தார். அவர்தம் குடும்பத்துக்கென நிதி திரட்டவேண்டியிருந்தது. இதற்கிடையில், விஞ்ஞானிகளும் ஓவியர்களும் வற்புறுத்தியதன் பேரில் டால்பொட் 1852 இற் பொழுதுபோக்காளருக்குத் தமது உரிமையைத் தளர்த்தினார். எனினும் உருவப்படத் தொழில் செய்வோரிடம் அதனை விட்டுக்கொடுக்கவில்லை. கொலோடியன் முறையும் தமது காப்புரிமைக்குள் அடங்கும் என அவர் வாதிட்ட வழக்கில், 1854 டிசெம்பரில் யூரிமார் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அன்றுதொட்டு இங்கிலாந்தில் இக்கலை தடையின்றி வளரலாயிற்று.

கொலோடியன் முறை எளிதானதன்று. தட்டு ஈரமாயிருக்கும்போதே அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, கமராவிற் பொருத்தி, படமெடுத்து, உருத்துலக்கி முடித்தல் வேண்டும். இவை யாவற்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழப் பத்துப் பதினைந்து நிமிடங்களே. ஆதலால் ஓர் இயற்கைக் காட்சியைப் படம்பிடிக்க விரும்பியவர் இருட்கூடாரத்தையும் கண்ணாடித் தட்டுகளையும் இரசாயனப் போத்தல்களையும் சுமந்துகொண்டே செல்லவேண்டியிருந்தது. வெள்ளி நைத்திரேற்றினாற் கறுத்த விரல்களே அக்காலப் புகைப்படக்காரரின் அடையாளமாயின. இத்தகைய கலையை ஒருவர் தனித்து நின்று கற்றல் அரிது. பிறர் கண்ட தவறுகளைக் கேட்டறிவதே சிறந்த வழியாயிற்று.

1853 ஜனவரியில் இலண்டனிற் புகைப்படச் சங்கம் தோன்றியது. ரொஜர் பென்டன் அதன் முதற் கௌரவ செயலாளரானார். அவ்வாண்டிலேயே சங்கத்தின் சஞ்சிகையும் வெளிவரத் தொடங்கியது. கடல் கடந்தும் இவ்வியக்கம் பரவியது: பம்பாயில் 1854 இலும், சென்னையிலும் வங்காளத்திலும் 1856 இலும் சங்கங்கள் எழுந்தன. இலண்டனிற் சிலர் இன்னும் ஒருபடி சென்று, தம் படங்களைத் தமக்குள் மாற்றிக்கொள்வதற்கென்றே ஒரு குழுவை அமைத்தனர். அக்குழுவினர் 1855 ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட படத்தொகுதி வரலாற்று மாணவருக்கு ஓர் அரிய சான்றாகும். பாழடைந்த மடங்கள், ஓடைக்கரைகள், பண்ணைமுற்றங்கள், மரங்கள் முதலியனவே அதன் பொருள்கள். ஒவ்வொரு படத்துடனும் எடுத்தவர் பெயரோடு, கையாண்ட முறை, வில்லையின் வகை, ஒளிபட விட்ட நேரம் ஆகிய விவரங்களும் அச்சிடப்பட்டன. படத்தின் அழகை மட்டும் காட்டி அதன் செய்முறையை மறைக்கும் வழக்கம் அங்கு இருக்கவில்லை. கண்டவர் தாமும் செய்துபார்க்க வேண்டும் என்பதே கருத்தாயிருந்தது. பிற்காலத்தார் ஏளனஞ் செய்த கருவிப் பேச்சு, இங்கு கல்வியாகவே அமைந்தது எனலாம்.

எனினும் அப்பேச்சுக்கு மற்றொரு முகமும் உண்டு. நுட்பத்தையே அளவுகோலாகக் கொண்டவர்கள் சிலவேளை வாயிற்காவலராகவும் மாறினர். ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தமது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கியவர். அவர் எடுத்த உருவப்படங்கள் குவியம் தவறியவை, தட்டிற் கீறல் உடையவை எனப் புகைப்படச் சங்கச் சஞ்சிகை கண்டித்தது. அவையே இன்று அக்காலத்தின் தலைசிறந்த உருவப்படங்களுட் சிலவாக மதிக்கப்படுகின்றன.

இவ்வம்மையார் 1875 இல் தம் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். கணவருக்கு இங்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இலங்கையில் அவர் எடுத்து எஞ்சியுள்ள படங்கள் சிலவே. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் உள்ளூர் மக்களும் காணப்படுகின்றனர். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த புலவர், விஞ்ஞானி ஆகியோரின் பெயர்கள் யாவும் நாம் அறிந்தவை. இலங்கைப் படங்களில் உள்ளோரிற் பெரும்பாலார் பெயரற்றவராகவே நிற்கின்றனர். பகிர்வின் வட்டம் எங்கு முடிந்தது என்பதை இவ்வேறுபாடு தெளிவாகக் காட்டுகின்றது. கருவியை வாங்க வல்லவரே அவ்வட்டத்தில் இடம்பெற்றனர். கருவியின் முன் நின்றவருக்கு அங்கு இடமிருக்கவில்லை.

1871 இல் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் என்ற மருத்துவர், ஜெலற்றின் பூசிய உலர்தட்டு முறையை வெளியிட்டார். அவரும் ஆர்ச்சரைப் போன்றே காப்புரிமை கோராது அதனை உலகுக்கு ஈந்தார். பிறர் அதனைத் திருத்தியதன் பயனாக, அந்நூற்றாண்டின் எண்பதுகளில் ஆயத்தத் தட்டுகள் கடைகளிற் கிடைத்தன. இருட்கூடாரம் தேவையற்றதாயிற்று. 1888 இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் வெளியிட்ட கொடக் கமரா இம்மாற்றத்தை முற்றுவித்தது. நூறு படங்களுக்கான சுருளுடன் 25 டொலருக்கு அது விற்கப்பட்டது. சுருள் முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்கள் அச்சாகிப் புதிய சுருளுடன் கமரா திரும்பி வரும். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்குபவரின் பணி, எஞ்சியவற்றைத் தாமே செய்வதாக நிறுவனம் விளம்பரஞ் செய்தது. 1900 இல் வெளிவந்த பிரௌனி கமராவின் விலை ஒரு டொலரே.

இதன் பயனை மறுத்தல் இயலாது. சிறுவரும் பெண்களும் தொழிலாளரும் முதன்முறையாகத் தம் வாழ்வைத் தாமே படம்பிடித்தனர். பிறந்தநாள், கடற்கரை, வளர்ப்புநாய் என்பன படத்துக்குரிய பொருள்களாயின. ஆனால் ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. கருவி மலிவாகிப் பலரைச் சேர்ந்தபோது, அதன் உட்செயல் பயன்படுத்துவோரின் அறிவுக்கு அப்பாற்பட்டதாயிற்று. டால்பொட் சட்டத்தாற் பூட்டியதைத் தொழிற்சாலை வசதியாற் பூட்டியது எனின் மிகையாகாது.

இந்நிலையிற் கழகங்களைச் சேர்ந்த பொழுதுபோக்காளர் ஆற்றிய ஒரு பணி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1889 இல் ஜெரோம் ஹரிசன் என்ற ஆசிரியர், வொரிக்ஷயர் மாவட்டத்தின் கட்டடங்களையும் காட்சிகளையும் வழக்கங்களையும் முறையாகப் படம்பிடிக்கும் திட்டமொன்றை முன்மொழிந்தார். இதன் தொடர்ச்சியாக 1897 இற் சேர் பெஞ்சமின் ஸ்டோன் நாடளாவிய புகைப்படப் பதிவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அது 1910 வரை இயங்கிற்று. சேகரிக்கப்பட்ட படங்கள் பிரித்தானிய நூதனசாலையில் ஒப்படைக்கப்பட்டன. காலத்தால் மங்காத பிளாற்றினம் போன்ற அச்சுமுறைகளையே இவ்வியக்கத்தினர் வலியுறுத்தினர். எந்தத் தாள் நிலைக்கும், எந்த அச்சு மங்கும் என்ற கழகப் பேச்சே ஒரு நாட்டின் ஆவணக் காப்புக்கு அடிப்படையாயிற்று என்பதை இங்குக் காண்கின்றோம்.

இலங்கையிலும் இம்மரபு வேரூன்றியது. 1906 இற் பொழுதுபோக்குப் புகைப்படக்காரருக்கான சங்கமொன்று கொழும்பில் தோன்றியது. 1930 களில் அதற்குப் புத்துயிரளித்தோருள் முதன்மையானவர் லயனல் வென்ட். 1900 இற் பிறந்த இவர் சட்டமும் பியானோ இசையும் பயின்றவர். 1925 இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா கமரா, 35 மில்லிமீற்றர் திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய சிறு கருவியாகும். அதனையும் றொலிபிளெக்ஸையும் கையாண்ட வென்ட், இருட்டறையிற் பல சோதனைகளை மேற்கொண்டார். கற்றவற்றைப் பிறருக்கும் கற்பித்தார். 1938 இல் இலண்டனில் அவரது தனிக் கண்காட்சி நடைபெற்றது. வயலும் கடற்கரையும் வீதியும் உழைக்கும் மாந்தரும் அவர் படங்களில் அழியா இடம்பெற்றனர். 1944 இல் அவர் மறைந்தபின் எதிர்ப்படங்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப் பிரதிகளிலிருந்தே 1950 இல் அவரது படநூல் வெளியிடப்பட்டது. மூலம் அழிந்தபோதும் கலை நிலைத்தமைக்குப் பிரதிகளே காரணமாயின. ஆயினும் வென்டின் படங்களிலும் உழைப்பாளர் பலர் பெயரின்றியே உள்ளனர். கமரா இந்நாட்டவர் கைக்கு வந்தபோதும் வட்டத்தின் எல்லை முற்றாக நீங்கிவிடவில்லை.

இன்று கைத்தொலைபேசி வாயிலாகக் கமரா கோடிக்கணக்கானோரைச் சேர்ந்துள்ளது. முன்னர் படத்தின் பொருளாக மட்டுமே நின்றவர் இன்று படமெடுப்பவராகவும் உள்ளார். இது பெரும் பேறே. ஆனால் கருவியின் உட்செயலோ முன்னெக்காலத்திலும் பார்க்க மறைபொருளாகிவிட்டது. 1855 ஆம் ஆண்டுப் படத்தொகுதியில் ஒவ்வொரு படத்தின் கீழும் இடம்பெற்ற அந்தச் சிறு குறிப்பு, தான் அறிந்ததை அயலவனும் அறியவேண்டும் என்ற மனப்பான்மையின் சின்னமாகும். அம்மனப்பான்மையோடு, படத்தில் நிற்பவரின் பெயரையும் எழுதிவைக்கும் வழக்கம் சேருமாயின், எதிர்கால வரலாற்றாசிரியனுக்கு அதனினும் சிறந்த கொடை வேறில்லை எனத் துணிந்து கூறலாம்.