மருந்தினும் முந்தியது சொல்

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயுற்றவரையே முதற்கண் வைத்தார். மருத்துவரும் மருந்தும் உடனிருந்து உதவுவோரும் அவருக்குப் பின்னரே வருகின்றனர். முதற்கூறாகிய நோயாளி வாய் திறவாவிடின் ஏனைய மூன்றும் பயன் குன்றும். இவ்வுண்மையைத் தமிழகப் பெண்களின் மருத்துவ வரலாறு தெளிவுற உணர்த்துகின்றது.

சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆயினும், கோஷா முறையைப் போற்றிய குடும்பங்களின் பெண்கள் ஆண் மருத்துவரை நாட இயலாமல் வீட்டுக்குள்ளேயே துன்புற்றனர். வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி இத்துயரை அறிந்து, 1875இல் வேறு மூன்று பெண்களுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் இலண்டனில் பட்டம் பெற்று 1883இல் திரும்பினார். 1885இல் அவர் முயற்சியால் உருவான மகளிர் மருத்துவமனையே, இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1890களில் திண்டிவனத்தில், பேறுகால இடருற்ற மூன்று பெண்கள் ஒரே இரவில் மாண்டனர். அண்மையிலேயே மருத்துவர் இருந்தார். ஆனால் அவர் ஆண் என்பதால் கணவன்மார் உடன்படவில்லை. அம்மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் தாமும் மருத்துவம் கற்று, 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவினார். இதற்கிடையே, 1912இல் புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையாரும் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தார். இவ்வாறு கதவு திறந்தது. ஆயின் நாவும் திறந்ததா?

கருப்பை வாயின் உயிரணுக்களைச் சோதித்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் முறையை, பாப்பனிகொலாவும் டிராட்டும் 1943இல் நூலாக வெளியிட்டனர். அந்நோய்க்குக் காரணமான வைரஸ் வகையொன்றை 1983இல் ஹரால்ட் சூர் ஹவுசன் கண்டறிந்து, 2008இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரஸ் உடலுறவால் பரவுவது. அறிகுறியின்றிப் பல்லாண்டு உடலில் தங்கவும் கூடியது. ஆகவே மருத்துவர் இல்லற வாழ்வைப் பற்றி வினவுவது கற்பை ஐயுறுதல் அன்று. நோய்முதல் தேடுதலே ஆகும். உறவுக்குப் பின் குருதி கசிதல், மாதவிலக்கு நின்ற பின் மீண்டும் குருதி தோன்றுதல், உறவின்போது வலி, நிறம் மாறிய வெள்ளைப்படுதல் ஆகியவற்றை நோயாளி சொன்னாலன்றி மருத்துவர் எங்ஙனம் அறிவார்? நம் பெண்களோ இவை அனைத்தையும் ‘வயிற்றுவலி’ என்னும் ஒரே சொல்லுக்குள் மறைத்துவிடுகின்றனர். அச்சொல்லை மட்டும் கேட்கும் மருத்துவர் குடலைச் சோதிக்கலாம். நோய் கருப்பையில் வளரும்.

மலேசியாவில் 13 வயது மாணவியர்க்கு இவ்வைரஸைத் தடுக்கும் ஊசி 2010 முதல் பள்ளிவழி வழங்கப்படலாயிற்று. அந்த அகவையை எட்டுமுன் அவர்கள் நம் தமிழ்ப்பள்ளிகளிலேயே பயில்கின்றனர். ஆசிரியப் பெருமக்களே, கை, கால் என்று கற்பிக்கும் நாம், கருப்பை, மாதவிலக்கு என்னும் சொற்களையும் நாணமின்றி, ஏளனத்துக்கு இடமின்றிக் கற்பித்தல் வேண்டும். பெண் மருத்துவரை உருவாக்க ஒரு தலைமுறை போராடியது. அவர் முன் அமர்ந்து, உள்ளதை உள்ளவாறு உரைக்கும் பெண்ணை உருவாக்குதல் நம் கடமை.