ஐந்து வாக்கியங்களும் 608 மேற்கோள்களும்

'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' 1980 ஜனவரி 10 இதழின் கடிதப் பகுதியில் ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும் எழுதிய ஒரு குறிப்பு வந்தது. மொத்தம் ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் சேர்ந்த 39,946 பேரின் பதிவுகளில் 11,882 பேருக்கு ஒருமுறையேனும் ஓபியாய்டு வலிநிவாரணி தரப்பட்டிருந்தது. முன்பு போதைப் பழக்கம் இல்லாதோரில் அடிமையானதாக ஓரளவு உறுதிப்பட்டவர் நால்வர். எத்தனை நாள் மருந்து எடுத்தார்கள், வீடு திரும்பியபின் என்ன ஆனார்கள் என்ற விவரம் அதில் கிடையாது. கடிதம் அந்த எல்லைக்குள்தான் பேசியது.

எல்லையைத் துடைத்தவர்கள் அதை மேற்கோள் காட்டியவர்கள். 1990இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதை விரிவான ஆய்வு என்றது. 2001இல் 'டைம்' திருப்புமுனை ஆய்வாக்கியது. 2017இல் கனடிய ஆய்வாளர்கள், இக்கடிதத்தைச் சுட்டிய 608 வெளியீடுகளைப் புரட்டிப் பார்த்தனர். ஓபியாய்டு அடிமைத்தனம் அரிது என்பதற்கு 439 வெளியீடுகள் இதையே சான்றாக்கியிருந்தன. ஆராயப்பட்டவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதை 491 சொல்லவே இல்லை. ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலிநிவாரணி சந்தைக்கு வந்தபின் இச்சுட்டல்கள் பெருகியதையும் அவர்கள் கண்டனர்.

அந்த 491இல் எதையும் கருத்துத் திருட்டு என்று பிடிக்க முடியாது. ஆசிரியர் பெயரும் இதழ் பெயரும் முறைப்படி அடிக்குறிப்பில் இருக்கின்றன; சொற்களின் ஒற்றுமையைத் தேடும் திருட்டு கண்டறியும் மென்பொருளுக்கு விடுபட்ட சொற்கள் தெரியாது. மேற்கோள் அறம் பற்றிய நம் பேச்சும் அங்கேயே நின்றுவிடுகிறது. மூல ஆசிரியருக்குப் பட்ட கடன் அடைந்துவிட்டது. வாசகருக்குப் பட்ட கடன் அப்படியே கிடக்கிறது. 'மருத்துவமனை நோயாளிகளிடையே' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால் போதும். இடமில்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது.

இப்படி நேர்வதற்கு ஒரு வழக்கமான காரணம், மூலத்தைத் திறக்காமல் பிறர் அடிக்குறிப்பைப் பெயர்த்தெழுதுவது. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் இதைச் சுவையான வழியில் அளந்தனர். ஏறத்தாழ 4,300 முறை சுட்டப்பட்ட ஓர் இயற்பியல் கட்டுரையின் விவரங்கள் 196 இடங்களில் பிழையாக இருந்தன. ஆனால் தனித்தனிப் பிழைகள் 45 மட்டுமே. ஒரே தவறான பக்க எண் 78 முறை வந்திருந்தது. சுட்டியவர்களில் ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படித்திருப்பார் என்பது அவர்களின் கணிப்பு. அதை நான் முழுதாக ஏற்கமாட்டேன்: படித்தவரும் சோம்பலால் பக்க எண்ணை இன்னொருவரிடமிருந்து எடுக்கலாமே. ஆயினும் பெயர்த்தெழுதும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது கடினம்.

இணையத்தில் அடிக்குறிப்பின் இடத்தை இணைப்பு பிடித்துக்கொண்டது. நீல எழுத்தைக் கண்டதுமே சான்று இருப்பதாக நம்பிவிடுகிறோம்; சொடுக்கினால் பல நேரங்களில் ஆய்வுச் சுருக்கம் மட்டுமே திறக்கும், முழுக் கட்டுரை கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும். எழுதியவரும் சுருக்கத்தோடு நின்றிருந்தால் அதைச் சொல்லிவிடுவதே நேர்மை. வேறொரு நூல் வழியாக அறிந்திருந்தால் அந்த நூலையே சுட்ட வேண்டும். 'அமெரிக்க ஆய்வு ஒன்று கூறுகிறது' என்று தொடங்கும் நம் மருத்துவக் கட்டுரைகள், அது எலிகளிடம் நடந்ததா மனிதரிடமா, கடிதமா முழு ஆய்வா என்பதையாவது அடுத்த வரியில் தர வேண்டும்.

போர்ட்டர், ஜிக் கடிதம் விமர்சனமின்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டுள்ளது என்ற எச்சரிக்கையை, அதை வெளியிட்ட இதழே 2017இல் கடிதத்தோடு இணைத்தது. மூலத்தைத் திறப்பவர் கண்ணில் மட்டுமே அது படும்.